அட்டை அளவு நிழல்

அக்டோபர் கடைசியில்
குழாய்களில் இருந்த நீரையெல்லாம் வடித்துவிட்டு
இளஞ்சிவப்பு உறைதடுப்பானை ஊற்றினேன்.
கழிவறைக் கோப்பையிலும் ஒரு குவளை.
கசப்பு மருந்து குடித்த பிள்ளை மாதிரி
வீடு வாயை மூடிக்கொண்டது.
சாவியை வாங்கிக்கொண்ட எதிர்வீட்டு வெல்டா
"ஏப்ரலில் பார்ப்போம்" என்றாள்.
சொன்ன பிறகு எல்டனைக் கண்டு
நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவன் சிரித்தான்.
கண்ணின் நடுவில் ஒரு கருமை அவனுக்கு,
மூன்று ஆண்டில் நாணயம் அளவு வளர்ந்துவிட்டது.
நேராகப் பார்த்தால் நான் இல்லை.
தலையைச் சாய்த்து ஓரத்தால் பார்த்தால்
இருக்கிறேன்.
குளிருக்குத் தெற்கே போகிறவர்களை
பனிப்பறவைகள் என்பார்கள் எங்கள் பக்கம்.
பதினாறு வருடம் கழித்து இப்போதுதான் இவன்
நிஜமாகவே பறவைபோல் பார்க்கிறான்.

அந்தப் பதினாறு குளிர்காலமும் அவன்தான் ஓட்டினான்.
வரைபடத்தை மடியில் விரித்து
தப்பான திருப்பங்களைச் சொல்லி வந்தவள் நான்.
இம்முறை முப்பத்தோரடி வண்டி என் கையில்.
வரைபடம் அவன் உடம்பில்.

எல்லையில் அதிகாரி கேட்டார், எத்தனை நாள்?
நூற்று எழுபது, என்றேன்.
அதிகம் தங்கினால் மருத்துவக் காப்பீடு கைவிட்டுப் போகும்.
வலசைக்கும் வருகைப்பதிவேடு உண்டு.
குளிர்பெட்டியைத் திறந்து
நான்கு ஆரஞ்சுகளை எடுத்துவைத்துக்கொண்டார்.
அரிசோனாவில் காய்த்து
லாரியேறி மூஸ் ஜா வரைக்கும் வந்து
நான் காசு கொடுத்து வாங்கியவை.
பிறந்த ஊர் திரும்ப அவற்றுக்கு அனுமதி இல்லையாம்.

மொன்டானாவில் காற்று எங்களை விலாவில் இடித்தது.
"கணவாய் வந்துவிட்டது.
இறக்கத்தில் பிரேக்கை நம்பாதே, கியரைக் குறை."
ஐடஹோவில் ஜன்னலை இறக்கி மூக்கை நீட்டினான்.
"உருளைக்கிழங்கு ஆலை.
இன்னும் இருபது நிமிடத்தில் டீசல் மலிவாகக் கிடைக்கும்."
கிடைத்தது.
செம்பாறைகள் நெருங்கி
எஞ்சின் சத்தம் எங்களிடமே திரும்பி வந்த வளைவில்
வழக்கம்போல ஜாக்கெட்டைக் கழற்றினான்.

ஒன்றை மட்டும் சொல்லவில்லை.
யூட்டாவில் மழை, இருட்டு.
மூன்று டிரெய்லர்கள் வரிசையாய் எங்களைக் கடந்தன.
அன்றிரவு ஒரு கடையின் வாகன நிறுத்தத்தில்
அவன் தூங்கிய பிறகு
கழிவறை மூடிமேல் உட்கார்ந்து
நடுங்கும் கைகளை முழங்கால்களுக்கு நடுவே
வைத்துக்கொண்டேன், விடியும்வரை.

யூமா. இருநூற்றுப் பன்னிரண்டாம் மனை.
பக்கத்து மனை டுவேன்
மட்டப்பலகை வைத்து வண்டியை நிமிர்த்தித் தந்தார்.
கொண்டைக்கள்ளியில் அதே மரங்கொத்தி, அல்லது அதன் பிள்ளை.
எல்டன் வெயிலில் கால் நீட்டிப் படுத்திருந்த மதியம்
சத்தமில்லாமல் ஓர் அட்டை வாங்கி வந்து
எழுதினேன்: விற்பனைக்கு.
கீழே தொலைபேசி எண்.
சாப்பாட்டு மேசை ஜன்னலில்,
பாதையைப் பார்த்தபடி ஒட்டினேன்.
எழுத்தை அவன் படிக்கப் போவதில்லை என்ற தைரியம்.

மறுநாள் காலை
காப்பிக் கோப்பையைத் தேடி அவன் கை
மேசைமேல் ஊர்ந்து வந்தது.
வெயில் ஏறிச் சூடாகிவிட்ட பலகை.
நடுவழியில் கை நின்றது.
ஒரு சில்லென்ற இடம்.
விரலால் அதன் விளிம்பைத் தடவினான்,
ஒரு மூலை,
அப்புறம் இன்னொன்று,
நான்கையும் எண்ணி முடித்துவிட்டுக் கேட்டான்:
"என்ன விலை போட்டாய்?"

முப்பத்தெட்டாயிரம், என்றேன்.
என் குரல் எனக்கே கேட்கவில்லை.

ஒரு வாய் காப்பி குடித்தான்.
கோப்பையை நிழலிலிருந்து நகர்த்தி
வெயிலில் வைத்தான்.
"ஆறு டயரும் புதுசு. எழுதினாயா?"
இல்லை.
"எழுது. பெரிதாக எழுது.
வாங்க வருகிறவன் என் வயசுக்காரனாக இருப்பான்."

மார்க்கர்
அவன் சொன்ன இழுப்பறையில்தான் இருந்தது.